முட்டை அல்ல

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில்
என் எலெக்ட்ரிக் கடையின் பின்னறையில்
பதினோரு முட்டை அட்டைகள்.
குழிக்கு ஒன்றாய்ச் செத்த பல்புகள்,
ஜிலேபி போலச் சுருண்டு, அடியில் கருத்து.
கடைசி அட்டையில் மூன்று குழி காலி.
மேலே மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்:
முட்டை அல்ல.

நான்தான் விற்றேன்.
நூறு வாட் வெளிச்சம், இருபது வாட் செலவு,
ரெண்டு வருஷம் கேரண்டி என்று
அட்டைப்பெட்டி சொன்னதையெல்லாம்
என் வாயால் ஊருக்குச் சொன்னேன்.
அட்டைப்பெட்டிக்கு உப்புக்காற்று தெரியாது.
ஏழு மணிக்குப் படுத்து
பத்து மணிக்குத் துள்ளி எழும்
எங்கள் கரண்டும் தெரியாது.

முதலில் சண்டைக்கு வந்தவள் பனிமயம்.
ஏலக் கொட்டகைக்கு நாலு வாங்கிப் போனவள்
மறுநாளே ஒரு கூடை நகரையோடு நின்றாள்.
"இந்த வெளிச்சத்துல பாரு,
செவப்பு எங்க போச்சு?
நேத்து மீனுன்னு சொல்லி
கிலோவுக்கு முப்பது கொறைச்சுட்டான்."
பார்த்தேன்.
விடியலில் கரையேறிய மீன்
காய்ச்சல்காரன் போல் வெளுத்திருந்தது.

சந்தியாகு வீட்டில்
பல்பைப் போட்டால் ரேடியோ கரகரக்கிறது,
காற்று எச்சரிக்கை பாதிதான் கேட்கிறதாம்.
நிக்சன் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னான்:
"கக்கூசுக்கு மாட்டுனேண்ணே,
முழு வெளிச்சம் வர்றதுக்குள்ள
வேலை முடிஞ்சிருது."
போட்டுப் போட்டு அணைத்ததில்
அது மூன்றே மாதத்தில் போனது.

எல்லாம் திரும்பி வந்தன.
வாங்கிக்கொள்ளும் கம்பெனி ஆள் வருவது நின்றது,
பிறகு கம்பெனியே நின்றது.
பழைய இரும்புக்காரர் ஒன்றை எடுத்துக்
காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.
"தொப்பிய மட்டும் கழட்டித் தா.
கண்ணாடிய ஐஸ் கம்பெனிக்குப் பின்னால
பள்ளத்துல கொட்டு, எல்லாரும் அங்கதான்."
அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும்.
'டப்' என்ற சத்தத்துக்காகவே
பையன்கள் அங்கே கல்லெறிவார்கள்.

ஆடியில் ஒரு ராத்திரி
நிக்சன் மனைவி டயானா போன் செய்தாள்.
தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து
உடைந்துவிட்டது, கூட்டிடவா?

விளக்குமாற்றைத் தொடாதே.
பிள்ளையைத் தூக்கு, வெளியே வா.
ஃபேனை நிறுத்து. சன்னலைத் திற.
"கச்சான் அடிக்குதே, மண்ணு வருமே."
வரட்டும், இன்றைக்குக் கச்சான் நல்லது.
கால் மணி நேரம் கழித்து
கல்யாணப் பத்திரிகை அட்டையால் வழித்தெடு,
பொடியை ஒட்டு டேப்பால் ஒற்று,
எல்லாவற்றையும் மூடிபோட்ட
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக்கு.
"யாரு கல்யாணப் பத்திரிகை?"
யாருடையதாக இருந்தால் என்ன, டயானா.

அன்று தூக்கம் வரவில்லை.
ஒரு பல்புக்குள் இருக்கும் பாதரசம்
கடுகைவிடச் சின்னது.
முந்நூற்று இருபத்தேழு பல்பு என்றால்
ஒரு தாளிப்புக்குக் காணும்.
பள்ளத்தில் கொட்டினால்
மழை கொண்டுபோகும்.
சேற்றிலிருந்து பாசிக்கு,
பாசியிலிருந்து சூடைக்கு,
சூடையிலிருந்து சீலாவுக்கு.
சீலா நம் சட்டிக்கு வரும்போது
தாளிப்பு முடிந்திருக்கும்.

மதுரையில் ஒரு இடம் விசாரித்தேன்.
"நூறு கிலோ சேர்ந்தா வண்டி அனுப்புவோம்."
என் அட்டைகள் இருபத்தொன்பது கிலோ.
பாம்பன், மண்டபம், உச்சிப்புளிக் கடைகளுக்குப்
போன் போட்டேன். உச்சிப்புளிக்காரர் மட்டும்
ஒரு சாக்கு கிடக்கு என்றார்.
உடைஞ்சதா? "தெரியலியே,
அதுமேல உக்காந்துதான் சாப்பிடுறோம்."

இப்போது எல்.ஈ.டி. விற்கிறேன்.
அதன் அட்டைப்பெட்டியும்
நிறையத்தான் பேசுகிறது.

நேற்று டயானா பாட்டிலைக் கொண்டுவந்தாள்.
எந்தக் குழியிலும் அது உட்காரவில்லை.
அட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.
உள்ளே, கண்ணாடித் தூளோடு ஒட்டிக்கொண்டு,
யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதிப் பெயர்.